பேசும் பொம்மைகளை விற்கப் புறப்பட்டபோது எனக்கு யாரும் சொல்லித்தராதவை

கடந்த ஆண்டு என் அக்காவின் குடும்பம் கொக்குவில் வீட்டைப் பூட்டிவிட்டு நிரந்தரமாகக் கனடாவுக்குச் சென்றபோது, அலுமாரி, கட்டில், தையல் மெசின் போன்றவற்றை வாங்குவதற்கு அயலிலேயே ஆட்கள் இருந்தார்கள். மேல்மாடி அறையில் அட்டைப் பெட்டிகளுக்குள் இருந்த பொம்மைகளுக்கு மட்டும் எவரிடமும் விலை இல்லை. அவை சாதாரணப் பஞ்சுப் பொம்மைகள் அல்ல. தொட்டால் பேசுகின்ற, கண் சிமிட்டுகின்ற, காதை ஆட்டுகின்ற, வயிற்றை அமுக்கினால் சிரிக்கின்ற பொம்மைகள். பிள்ளைகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் வயதுக்கு வந்துவிட்டதால் அவற்றை விற்று, வருகின்ற காசை வீட்டுத் திருத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும்படி அக்கா என்னிடம் சொல்லிச் சென்றார். சில கிழமைகளில் முடியும் என்று எண்ணிய அந்த வேலை பல மாதங்களை விழுங்கியதோடு, கையில் வரவேண்டிய காசில் பெரும் பகுதியையும் என்னிடமிருந்து பறித்துவிட்டது. இப்படிப்பட்ட பொம்மையின் விலை அதன் உரோமத்திலோ வயதிலோ தங்கியிருக்கவில்லை, அது இயங்குகிறது என்பதை வாங்குபவருக்கு எவ்வளவு உறுதியாகக் காட்ட முடிகிறது என்பதில்தான் தங்கியிருக்கிறது. இந்த ஒரு விடயத்தை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இழப்பில் பெரும்பகுதி நேர்ந்திராது.

இந்தப் பொம்மைகள் யாழ்ப்பாணத்துக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும், ஏனெனில் விலை மதிப்பிடுவதற்கு அது பின்னர் மிகவும் உதவியது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்கள் தலைமுறைக்கு, நான்கு பற்றரி போட்டு இயக்கும் பொம்மை என்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத ஆடம்பரம். 2002 ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பின்னரே வெளிநாட்டு உறவினர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான்களுடன் வந்தார்கள். கனடாவிலிருந்து வந்தவர், ஆந்தை போன்ற அலகும் பெரிய காதும் கொண்ட பேசும் உரோமப் பொம்மையான ஃபர்பியில், 1998ஆம் ஆண்டின் ஒன்றைக் கொண்டுவந்தார். பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா இன்னொரு ஃபர்பியைக் கொடுத்தார். லண்டனிலிருந்து வந்த மாமி தன் பிள்ளைகள் விளையாடிய, கதை சொல்லும் ரெடி ரக்ஸ்பின் கரடியைக் கொண்டுவந்தார். பின்னர் ஃபர்ரியல் என்ற வகையைச் சேர்ந்த இயங்கும் பூனை, தொட்டால் சிரிக்கும் எல்மோ பொம்மை, 2012ஆம் ஆண்டின் புதிய ஃபர்பி, கைத்தொலைபேசியோடு இணைக்கும் கரடி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

முதலில் நடந்தது இதுதான். பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரீச்சர், இது வெறும் துணிப் பொம்மைதானே, என்னத்துக்கு இவ்வளவு யோசிக்கிறியள்?" என்று கேட்டார். சொன்ன கையோடு, "இதுகளின்ரை பெட்டி, கடுதாசி ஏதும் கிடக்கோ?" என்றும் கேட்டார். ஒரு ஃபர்பியும் எல்மோவும் வேறு இரண்டு பொம்மைகளும் அவற்றின் பெட்டிகளோடு 4,000 ரூபாவுக்குப் போயின. சில நாட்களின் பின் அந்த ஃபர்பி மட்டும் தனியாக 14,000 ரூபா விலை குறித்து முகநூலில் விளம்பரமாகியிருப்பதை அக்காவின் மகள் கனடாவிலிருந்து எனக்கு அனுப்பியபோது, அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. துணிப் பொம்மைக்குப் பெட்டியும் கடுதாசியும் எதற்கு என்ற கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. வாங்க வருபவர் கேட்கும் கேள்வியே அந்தப் பொருளின் பெறுமதி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டி, அறிவுறுத்தல் புத்தகம், காதில் தொங்கும் அட்டை ஆகியவற்றைப் பற்றி ஒருவர் விசாரித்தால், அவர் சேகரிப்பாளருக்கு விற்கப்போகிறார் என்று விளங்கிக்கொண்டு பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

அதன் பிறகுதான் மிச்சமிருந்தவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் காண உட்கார்ந்தேன். ஃபர்பியை 1998இல் ரைகர் இலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அந்த நிறுவனத்தை அதே ஆண்டில் ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது. முதல் வகையின் அட்டையில் 70-800 என்ற மாதிரி இலக்கம் இருக்கும். அடியில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டு பதிப்புரிமை ஆண்டே தவிர, அந்தப் பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அல்ல. 1999இல் செய்யப்பட்டதிலும் 1998 என்றே இருக்கலாம். பழையது என்பதால் அரியது என்று எண்ணிவிடவும் கூடாது. முதல் மூன்று ஆண்டுகளில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட ஃபர்பிகள் விற்பனையாகின. ஆகவே சாதாரண நிறத்தில் உள்ளதொன்று உலகில் தாராளமாகக் கிடைக்கும். சிறப்புப் பதிப்புகளும், உரோமம் மங்காமல் பெட்டியோடு இருப்பவையும் வேறு கதை. எல்மோவின் வரலாறு இன்னும் தெளிவான பாடம்: 1996 நத்தார் காலத்தில் சுமார் 30 டொலர் விலையுள்ள அந்தப் பொம்மைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, சிலர் நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்தும் வாங்கினார்கள். அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள எல்மோ இன்றும் அந்த விலை போகும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். அது அந்த ஒரு மாதத்தின் பரபரப்பு விலை மட்டுமே.

விலை பார்க்கும்போது இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையை நம்பவே கூடாது. ஒரே வகை ஃபர்பிக்கு ஒருவர் 25 டொலரும் இன்னொருவர் 900 டொலரும் கேட்டிருப்பதைக் கண்டு நான் மிகவும் குழம்பினேன். ஈபேயில் தேடும்போது, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால், உண்மையில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய விலைகள் மாத்திரம் வரும். அவற்றிலும் இயங்குபவை, இயங்காதவை, பெட்டியோடுள்ளவை என்று பிரித்துப் பார்த்தால் ஒரு கணக்குப் பிடிபடும். நான் பார்த்த அளவில் இயங்காதவை, இயங்குபவற்றின் விலையில் பாதிக்கும் குறைவாகவே போயின. உங்கள் பொம்மையின் நிறம், கண் நிறம், மாதிரி இலக்கம் மூன்றும் பொருந்துகின்ற விற்பனைகளை மட்டும் எடுத்து, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிட்டு நடுவிலுள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். தபாற் செலவு தனியா, உள்ளடங்கியதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்ததாகப் பற்றரி. இந்த விடயத்தில் சற்று நிதானமாக நிற்க விரும்புகிறேன், ஏனெனில் என் நட்டத்தின் பெரும் பகுதி இங்கேதான் ஏற்பட்டது. பல ஆண்டுகள் உள்ளேயே கிடந்த பற்றரிகள் கசிந்து, ஃபர்ரியல் பூனையின் உலோகத் தகடுகளில் வெள்ளையும் பச்சையுமாகப் படிந்திருந்தன. அல்கலைன் பற்றரியின் கசிவு காரத்தன்மை உடையது. அதற்கு வினாகிரியை அல்லது தேசிக்காய்ச் சாற்றைப் பஞ்சுக் குச்சியில் சிறிதளவு தொட்டுத் துடைக்க வேண்டும். மலிவான சாதாரணப் பற்றரியின் கசிவு அமிலத்தன்மை உடையது என்பதால் அதற்கு அப்பச்சோடாக் கரைசல் பொருந்தும். எதுவாயினும் கையுறை அணிந்து செய்து, பின்னர் பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து நன்றாக உலரவிட வேண்டும். எங்கள் கடற்காற்றில் திருகாணிகளும் துருப்பிடிக்கும். வலுக்கட்டாயமாகத் திருகினால் தலை தேய்ந்துவிடும், ஆகவே ஒரு துளி எண்ணெய் விட்டுச் சற்று நேரம் பொறுத்திருப்பதே நல்லது.

சுத்தம் செய்தவுடன் சந்திக் கடையில் மலிவான பற்றரிகளை வாங்கிப் போட்டேன். 1998 ஃபர்பி கண்ணைத் திறந்து, ஒரு சொல் சொல்லி, பாதியில் நின்றது. பொம்மை பழுதாகிவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். உண்மையில், அதன் கண், காது, அலகு எல்லாவற்றையும் ஒரே ஒரு மோட்டர்தான் இயக்குகிறது; மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில் அதிக மின்னோட்டம் தேவைப்படும்போது, மலிவான பற்றரியின் மின்னழுத்தம் சரிந்து, உள்ளேயுள்ள கணினிச் சில்லு மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. மீள்மின்னேற்றும் பற்றரியும் ஒவ்வொன்றும் 1.2 வோல்ற் மட்டுமே தருவதால் சில பழைய பொம்மைகளுக்குப் போதாது. ஆகவே ஒரு பொம்மையைப் பழுது என்று தீர்மானிக்குமுன் நல்ல அல்கலைன் பற்றரிகள் நான்கைப் புதிதாக வாங்கிப் போட்டுப் பாருங்கள். அந்தச் செலவைப் பார்க்கவே கூடாது.

எனக்கு அது தெரிய வருவதற்கு முன்னரே அந்த ஃபர்பி நகரிலுள்ள ஒரு திருத்தும் கடைக்குப் போய்விட்டது. அங்கே இருந்தவர் கைத்தொலைபேசி திருத்துபவர். நல்ல மனிதர்தான், ஆனால் இப்படியொரு பொம்மையை முன்பு திறந்ததில்லை. உரோமத்தை ஒட்டுப் பிரித்துக் கழற்றுவதற்குப் பதிலாகப் பின்பக்கத்தை வெட்டினார், மோட்டரை மாற்றினார், 2,500 ரூபா வாங்கினார். வீட்டுக்கு வந்த பொம்மை விழித்தவுடன் மீண்டும் நித்திரை கொள்ளப்போவதாகச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டே இருந்தது. பின்னர் விசாரித்தபோதுதான், முதல் வகை ஃபர்பிகளில் இது பலரும் அறிந்த கோளாறு என்பதும், சரிவை உணரும் சிறு உணரியிலுள்ள குண்டு ஒட்டிக்கொள்வதால் தான் கிடத்தப்பட்டிருப்பதாகப் பொம்மை கருதிவிடுகிறது என்பதும் தெரியவந்தன. மோட்டரில் குறையே இருக்கவில்லை. வெட்டிய உரோமத்தை இனி எவரும் சேகரிப்பாளர் விலைக்கு வாங்கமாட்டார். மனம் மிகவும் நொந்துபோனேன். காசைவிட, அக்காவின் மகன் சின்ன வயதில் கட்டிப்பிடித்துப் படுத்த பொம்மை அது என்பதே என்னை அதிகம் வருத்தியது. திருத்தக் கொடுக்குமுன், அந்த வகைக்குரிய வழமையான கோளாறுகள் எவை என்று முதலில் தேடிப் பாருங்கள். அடியிலுள்ள சிறு துவாரத்தில் கம்பி நுழைத்து அமுக்கும் மீளமைப்புப் பொத்தானை ஒரு தடவை முயன்று பாருங்கள். எதுவும் சரிவராவிட்டால், திறக்காத பழுதுப் பொம்மையாகவே விற்றுவிடுங்கள். திறந்து கெட்டதைவிடத் திறக்காத பழுதுக்கு விலை அதிகம்.

ரெடி ரக்ஸ்பின் கரடியின் விடயத்தில் நேர்மாறாக நடந்தது. 1985இல் வேர்ல்ட்ஸ் ஒஃப் வொண்டர் என்ற நிறுவனம் வெளியிட்ட அந்தக் கரடியின் முதுகில் ஒலிநாடா இயந்திரம் இருக்கிறது. நாடாவின் ஒரு தடத்தில் குரலும் மறு தடத்தில் வாயையும் கண்ணையும் அசைக்கும் கட்டளைகளும் பதிவாகியிருக்கும். எங்கள் கரடி ஊமையாக இருந்தது. கஸ்தூரியார் வீதிப் பக்கமாக, முன்னொரு காலத்தில் கசற் ரெக்கோடர் திருத்திய ஒரு முதியவரைக் கண்டுபிடித்துக் காட்டினேன். அவர் திறந்து பார்த்ததும், "பிள்ளை, இறப்பர் பெல்ற் கரைஞ்சு களியாப் போச்சுது, வேற ஒண்டுமில்லை" என்றார். பழைய களியைத் துடைத்து, தன்னிடமிருந்த ரெக்கோடர் பெல்ற் ஒன்றைப் போட்டுத் தந்தார். எவ்வளவு கொடுத்தாலும் 600 ரூபாவுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். பொம்மையின் உள்ளே இருப்பது எந்தத் தொழிலுக்குரிய இயந்திரம் என்று அறிந்து, அந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

உரோமத்தைச் சுத்தம் செய்வது எளிது: தண்ணீரில் நனைக்கக் கூடாது, குழந்தைச் சம்பூ கலந்த ஈரத்துணியால் மேலாகத் துடைத்து, நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் வார வேண்டும். சூடான காற்று பட்டால் செயற்கை இழை சுருண்டுவிடும். பூச்சி உருண்டையின் மணம் எளிதில் போகாது என்பதால் அதைப் பெட்டிக்குள் போடவே வேண்டாம்.

உள்ளூரில் விற்றபோது வேறு சங்கடங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தில் இவற்றைச் சேகரிப்பவர்கள் மிகக் குறைவு; வாங்குவோர் பிறந்தநாளுக்குப் பரிசு தேடும் பெற்றோர். அவர்கள் கேட்பது, சத்தம் வருமா, பிள்ளைக்கு ஆபத்தில்லையா, தமிழ் கற்றுக்கொள்ளுமா என்பவை. ஃபர்பி கேட்டுப் படிப்பதில்லை. முதலில் தன் சொந்த மொழியிலும் போகப் போக ஆங்கிலத்திலும் பேசும்படி முன்கூட்டியே எழுதப்பட்ட நிரல் அது. அது பேச்சை ஒலிப்பதிவு செய்யும் என்ற பயமும் பழையது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் 1999இல் தன் வளாகத்துக்குள் ஃபர்பியை அனுமதிக்க மறுத்தது, ஆனால் அந்தப் பொம்மையில் ஒலிப்பதிவு வசதியே கிடையாது. இவற்றை விளம்பரத்திலேயே நேராக எழுதிவிட்டால், ஏமாற்றப்பட்டதாக எவரும் பின்னர் சொல்ல இடமிருக்காது.

ஃபர்ரியல் பூனையைப் பொருள் கிடைத்ததும் காசு கொடுக்கும் முறையில் கொழும்பிலுள்ள ஒருவருக்கு அனுப்பினேன். இயங்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். போக்குவரத்துக் கூலி இரு வழிக்கும் என் தலையில் விழுந்தது. வீட்டில் அல்கலைன் பற்றரி போட்டதும் பூனை நன்றாகவே வேலை செய்தது. அதிலிருந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: அனுப்பும் நாளன்று, அன்றைய பத்திரிகையை அருகில் வைத்து, பற்றரியைப் போடுவதிலிருந்து பொம்மையின் ஒவ்வோர் உணரியையும் தொட்டு இயக்குவதுவரை இடைவெட்டில்லாமல் ஒரே காணொளியாக எடுத்து வாங்குபவருக்கு அனுப்புவேன். நெற்றி, வயிறு, முதுகு, வாய், தலைகீழாகப் பிடித்தல், கைதட்டல் எல்லாம் அதில் இருக்கும். எந்தப் பற்றரி போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்பேன். சில பொம்மைகளில், கடையில் தொட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு மாதிரி நிலை இருக்கும். அந்த ஆளி மாறாமல் இருந்தால் ஓரிரு அசைவுக்கு மேல் செய்யாது, அதையும் பார்த்துவிட வேண்டும். இப்படிச் செய்யத் தொடங்கியபின் எதுவும் திரும்பி வரவில்லை, விலையிலும் எவரும் பெரிதாகப் பேரம் பேசவில்லை. இடையில் வட்ஸ்அப்பில் ஒருவர், தன் முகவர் வந்து பொம்மையை எடுப்பார், காசைப் பெறுவதற்கு ஓர் இணைப்பில் வங்கி அட்டை இலக்கத்தைப் பதியுங்கள் என்று எழுதினார். காசு பெறுபவருக்கு அட்டை இலக்கமும் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணும் தேவையே இல்லை; அப்படிக் கேட்பவரோடு தொடர்பைத் துண்டித்துவிடுங்கள்.

பாரிஸ் சித்தப்பா கொடுத்த ஃபர்பியை இங்கே எவரும் தொடவில்லை, ஏனென்றால் அது பிரெஞ்சு பேசியது. 2,000 ரூபாவுக்குக்கூட ஆள் இல்லை. எங்கள் வீடுகளிலுள்ள பொம்மைகள் உறவினர் வாழும் நாடுகளின் மொழியைப் பேசுகின்றன என்பதை அப்போதுதான் யோசித்தேன். ஆகவே அவை விலை போகும் இடமும் அந்த மொழி பேசப்படும் இடமாகத்தானே இருக்க வேண்டும். அத்தானின் தங்கை மொன்றியலில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த அவருடைய குடும்பம் திரும்பும்போது, ஒடியல் மாவுக்கும் மிளகாய்த் தூளுக்கும் நடுவே அந்த ஃபர்பியையும் கரடியையும் கொடுத்துவிட்டேன். முதல் வகை ஃபர்பிக்கு நிறுத்தும் ஆளியே கிடையாது. பற்றரியைக் கழற்றிவிட்டே பயணப் பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டி அமுங்கினால் அலகும் கண்ணிமையும் உடையும் என்பதால், அலகைச் சுற்றி மெல்லிய துணி சுற்றி, சிறு அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினேன். நவம்பரில், நத்தாருக்கு முன், அவர் அங்கேயே காணொளியோடு விளம்பரம் செய்தார். பிரெஞ்சு ஃபர்பி 70 கனேடிய டொலருக்கும் கரடி 110 டொலருக்கும் போயின. இங்கிருந்து தபாலில் அனுப்பியிருந்தால் கூலியே பாதியை எடுத்திருக்கும்.

கைத்தொலைபேசியோடு இணைக்கும் கரடி விற்கப்படவில்லை. அதற்குரிய செயலி இப்போது கிடைப்பதில்லை. செயலியும் சேவையகமும் நின்றபின் அது வெறும் கரடிதான். இப்படிப்பட்டவற்றை வாங்கும்போதும் விற்கும்போதும் முதலில் செயலி இன்றும் இயங்குகிறதா என்று பாருங்கள். உள்ளே பிள்ளையின் குரல் பதிவுகள் இருந்தால் அழித்துவிடுவதும் கணக்கை நீக்குவதும் அவசியம். 2017இல் கிளவுட்பெற்ஸ் என்ற குரல்செய்திப் பொம்மைகளின் தரவுத்தளம் பாதுகாப்பின்றிக் கிடந்ததால் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்களும் 20 இலட்சத்துக்கும் அதிகமான குரல் பதிவுகளும் அம்பலமாகின. அடுத்த ஆண்டு பெரிய விற்பனைத் தளங்கள் அவற்றை விற்பதையே நிறுத்தின.

எல்லாம் முடிந்தபின் கணக்குப் பார்த்ததில், செலவுகள் போக அக்காவின் வீட்டுக் கூரையின் ஒரு பக்கத்து ஓடுகளை மாற்றும் அளவுக்குக் காசு மிஞ்சியது. வியாபாரியிடம் போனதும் வெட்டுப்பட்டதும் சேர்ந்திருந்தால் மறுபக்கமும் முடிந்திருக்கும். வெட்டுப்பட்ட ஃபர்பியை அந்தப் பெல்ற் போட்ட முதியவரிடமே கொடுத்திருக்கிறேன். சரிவு உணரியைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பதாகவும், சரிவந்தால் பின்பக்கத்தை நூலால் தைத்துத் தருவதாகவும் சொன்னார். அது விற்பனைக்கு அல்ல. அக்காவின் மகன் அடுத்த ஆடியில் வரும்போது எடுத்துச் செல்வதற்கு.